சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டிய நாவல்

லண்டனில் நான் குடியிருக்கும் பிளேஸ்டோவில் ஒரு சிறிய நூலகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஏழெட்டுப் பேர் கூடி, எல்லோரும் வீட்டில் வாசித்துவிட்டு வந்த ஒரு நாவலைப் பற்றிப் பேசுவோம். ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து, வலியோடு தொலைபேசி எடுப்பவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. மாதத்தில் ஒரு நாளாவது வலியைத் தவிர வேறு எதையாவது பேச வேண்டும் என்றுதான் அங்கே போகத் தொடங்கினேன்.

உக்ரேனில் போர் தொடங்கிய அடுத்த வருஷம் எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கார்கிவ் நகரத்தில் மேல்வகுப்புகளுக்கு இலக்கியம் படிப்பித்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார். ஒவ்வொரு முறையும் பதினொரு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிவருவார். நாங்கள் பேசி முடியும்வரை அந்தப் பிள்ளை சிறுவர் பகுதியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படம் கீறிக்கொண்டிருக்கும். தாயும் மகளும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாவது தடவை வந்தபோது, தன் நாட்டில் இப்போது எழுதப்படும் நாவல்களில் ஒன்றை வாசிக்கலாமே என்று கேட்டார். ஆங்கிலத்தில் வந்த மூன்று நாவல்களின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். ஒன்று போர்முனையில் இருக்கும் சிப்பாய்களைப் பற்றியது. ஒன்று முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு நகரத்தைப் பற்றியது. மற்றது பெற்றோரை இழந்த ஒரு சிறுமியைப் பற்றியது.

"முன்பு எங்கள் கதைகளில் அநாதைப் பிள்ளை என்றால் பாட்டன் காலத்துப் பிள்ளை," என்றார். "இப்போது எழுதுகிறவர்களுக்கு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை."

குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஆங்கிலேயர். கை உயர்த்தச் சொன்னார். நான் சிப்பாய்களின் கதைக்குக் கை உயர்த்தினேன். எனக்குத் துணையாக ஒரு கைதான் இருந்தது. சிறுமியின் கதை வென்றது.

அந்த நாவலின் சிறுமிக்கு ஒன்பது வயது. தாய் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது ஏவுகணை விழுந்து இறந்துவிடுகிறாள். போருக்குப் போன தகப்பனைக் காணவில்லை. இறந்ததாக யாரும் அறிவிக்கவும் இல்லை. நாட்டின் மேற்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் காசநோய்க்காரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் நடக்கும் விடுதி ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அங்கே ஏற்கனவே இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமை, குடி, வெளிநாட்டு வேலை என்று ஒவ்வொரு காரணத்துக்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். போரில் பெற்றோரை இழந்து புதிதாக வரும் பிள்ளைகளை அவர்கள் பொறாமையோடு பார்க்கிறார்கள். புதியவர்களைப் பார்க்கத் தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், பொம்மைகள் வருகின்றன. பழையவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை.

வேலைக்குப் போகும் ரயிலில் இந்தப் பக்கத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது துக்கத்தால் அல்ல. இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும் என்ற திகைப்பு. ஏனென்றால் நான் வளர்ந்த இடத்திலும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு ஏழு வயதில் அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகப் புறப்பட்டார்கள். அப்போது தரைப்பாதை பூட்டியிருந்தது. கடல்நீரேரியை இரவில் படகில் கடந்துதான் மறுகரைக்குப் போக வேண்டும். வழியில் கடற்படை சுடும் என்பதால் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் படகு கரை சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் கொஞ்சக் காலத்தில் இடம்பெயர வேண்டி வந்தது. போகும்போது என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். எட்டு வருஷம் அங்கே வளர்ந்தேன்.

எங்கள் இல்லத்திலும் முழு அநாதைகள் குறைவு. பலருக்குத் தாய் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடதாசிச் சரையில் பிஸ்கட் சுற்றிக்கொண்டு வருவாள். ஆனால் வெளிநாட்டிலிருந்து யாராவது உதவி செய்ய வந்து, படம் எடுக்க ஒரு பிள்ளையைக் கேட்டால், சிஸ்டர்மார் என்னைப் போன்றவர்களைத்தான் முன்னுக்கு நிறுத்துவார்கள். என்னுடைய பெட்டியில் பென்சில்கள் நிறைய இருந்தன. தாய் இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துப் பேசாமல் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர்களைப் பார்த்துப் பேசாமல் இருப்பேன்.

நாவலின் முற்பாதியைப் பேசக் கூடிய சனிக்கிழமை நூலகத்தில் பேச்சு முழுவதும் சிறுமியின் குளிர்கோட்டைப் பற்றியே போனது. விடுதிக்கு வந்த நாளிலிருந்து அவள் தன் குளிர்கோட்டைக் கழற்ற மறுக்கிறாள். அதோடு சாப்பிடுகிறாள், அதோடு தூங்குகிறாள். வெயில் காலம் வந்த பின்னும் கழற்றவில்லை. குழுவை நடத்துபவர், கோட் என்பது தாயின் அணைப்புக்கு ஒரு குறியீடு என்றார். பக்கத்தில் இருந்த பெண்மணி, அது தன்னைச் சுற்றிக் கட்டிய சுவர் என்றார். எனக்கு அந்தக் கூட்டங்களில் அதிகம் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கு என்னையறியாமலே வாய் திறந்துவிட்டேன்.

"போட்டபடி இருந்தால் ஓடும்போது தேடத் தேவையில்லை. அவ்வளவுதான்," என்றேன்.

குழுவை நடத்துபவர் மரியாதையாகத் தலையாட்டி, அப்படியும் வாசிக்க இடமிருக்கிறது என்றார். கூட்டம் முடிந்து எல்லோரும் கதிரைகளை அடுக்கும்போது உக்ரேனியப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் எங்கேயிருந்து ஓடினீர்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவருடைய ஆங்கிலமும் படித்துப் பெற்றது, என்னுடையதும் அப்படித்தான். அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குச் சுலபமாக விளங்கும். நான் இலங்கை என்றேன். அவருக்கு இலங்கைத் தேயிலை தெரிந்திருந்தது; போர் நடந்தது தெரியாது. எனக்கும் அவருடைய நாட்டைப் பற்றி இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்றும் தெரியாதுதானே.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க் கடைக்குப் போனோம். பிள்ளை வேறொரு மேசையில் தனியாக உட்கார்ந்து சொக்லேட் பால் குடித்தது. ஹெட்போனைக் கழற்றவில்லை. அப்போதுதான் அவர் சொன்னார், அது தன் தங்கையின் மகள் என்று. தங்கை தன் வீட்டுக் குளியலறையில் இறந்துபோனாள். குண்டு விழும்போது வீட்டுக்குள் ஆகப் பாதுகாப்பான இடம் என்று சொல்லப்பட்ட அறை அது. பிள்ளை அன்றைக்குப் பெரியம்மா வீட்டில், அதாவது இவருடைய வீட்டில், நின்றது. தகப்பன் போர்முனையில் காணாமல் போனவர்.

"குழுவில் எல்லோரும் என்னைத் தாய் என்று நினைக்கிறார்கள். அவள் திருத்துவதில்லை. அதனால் நானும் திருத்துவதில்லை," என்றார். பிறகு, "உங்களை யார் வளர்த்தது?" என்று கேட்டார்.

"முதலில் கன்னியாஸ்திரிகள். பிறகு சின்னம்மா."

"சின்னம்மா என்றால்?"

"அம்மாவின் தங்கை. சொல்லுக்குச் சொல் பார்த்தால், சின்ன அம்மா. அம்மாவுக்கு மூத்தவர் என்றால் பெரியம்மா. நீங்கள் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா."

அவர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். தங்கள் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், தித்கா என்றார். வழியில் போகிற, முகம் தெரியாத நடுவயதுப் பெண்ணையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுமாம். பிள்ளை தன்னை இப்போது அப்படிக்கூடக் கூப்பிடுவதில்லை, நேரே விஷயத்தைத் தொடங்கிவிடுகிறாள் என்றார்.

அந்த நேரத்தில் சின்னம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்புரை எடுத்திருந்தார்கள். வெம்பிளியில் தனியாக இருக்கிறார். சித்தப்பா காலமாகிச் சில வருஷங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும், வெஸ்ட் ஹாமில் ஜூபிலி லைன் ரயிலுக்கு மாறி நான் அங்கே போவேன். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்ததால் டிவியும் பார்க்க ஏலாமல், சலித்துப்போய் இருந்தார்.

"அந்தப் பையுக்க என்ன புத்தகம்?" என்று கேட்டார்.

"உக்ரேன் நாட்டுக் கதை, சின்னம்மா. ஒரு தாய் தேப்பன் இல்லாத பிள்ளையைப் பற்றி."

"வாசி பாப்பம். சும்மா இருக்கிறதுக்கு."

நான் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து வாயால் தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினேன். நினைத்ததைவிடச் சுலபமாகப் போனது. பங்கர், ஷெல், இடம்பெயர்வு, விசாரணை, காணாமல் போனவர் பட்டியல், எல்லாவற்றுக்கும் எங்களிடம் சொல் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எடுத்து விளக்கியிருந்ததைச் சின்னம்மாவுக்கு ஒரு சொல்லில் சொல்லி முடித்தேன். தடக்கியது ஒரே ஒரு இடத்தில்தான். நாவலின் பிற்பாதியில் சிறுமியைக் கூட்டிப்போக ஒரு பெண் வருகிறாள். தாயின் சகோதரி. மூத்தவளா இளையவளா என்று ஆங்கிலத்தில் இல்லை. அவளை எந்தக் காலத்திலும் அம்மா என்று கூப்பிட மாட்டேன் என்று சிறுமி தனக்குள் சத்தியம் செய்கிறாள். அதைத் தமிழில் சொல்லப் போனால் சின்னம்மாவையோ பெரியம்மாவையோ அம்மா என்று கூப்பிட மாட்டேன் என்றாகிறது. கூப்பிடும் பெயருக்குள்ளேயே அம்மா இருக்கிறாளே. நான் நிறுத்தி யோசித்தேன்.

"ஏன் நிப்பாட்டினனி?" என்றார் சின்னம்மா.

சொன்னேன். சிரித்தார். "அந்த நாட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வசதி. வேணுமெண்டா கூப்பிடலாம், வேண்டாமெண்டா விடலாம். உனக்கு வேற வழி இல்லை," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிறுமியைக் கூட்டிப்போக அந்தப் பெண் வரும் அத்தியாயத்தை வாசித்தேன். அவள் விடுதி இயக்குநரின் அறையில் காத்திருக்கிறாள். சிறுமி சலவை அறையில் ஒளிந்துகொண்டு, வர மாட்டேன் என்கிறாள். இயக்குநர் வந்து அதைச் சொல்கிறார். பெண் சுவரில் இருக்கும் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்க்கிறாள். கடைசி பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. அந்த வரியில் எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. என் குரலிலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"நில்லு," என்றார் சின்னம்மா. "மணிக்கூட்டைப் பாத்ததில என்ன பிழை? பஸ் போனா அவ எங்க படுக்கிறது?"

"பிழை எண்டு நான் சொல்லேல்லையே."

"நீ வாசிச்ச மாதிரி அப்பிடித்தான் இருந்தது." கண்ணுக்கு மருந்து விடும் நேரமா என்று நான் கேட்கப் போனேன். அதற்குள் அவரே தொடங்கினார். "உன்னைக் கூட்டிக்கொண்டு போக நான் வந்த அண்டைக்கு நீ என்ன செய்தனி, ஞாபகமிருக்கோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது. சமாதான காலத்தில் பாதை திறந்ததும் சின்னம்மா லண்டனிலிருந்து வந்திருந்தார். எனக்குப் பதினாலு வயது. சின்னப் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கும் பொறுப்பு அப்போது என்னுடையது. உன் சின்னம்மா வந்திருக்கிறா என்று சிஸ்டர் வந்து சொன்னதும், கிணற்றடியை விட்டு அசைய மாட்டேன் என்று நின்றேன். என் கையில் ஒரு பிள்ளை, தலை முழுக்கச் சவர்க்காரத்தோடு.

"நீ வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாய் எண்டு சிஸ்டர் வந்து சொன்னா. எனக்கு முதல் வந்தது என்ன தெரியுமோ? நிம்மதி," என்றார் சின்னம்மா. "அப்பாடா, திரும்பிப் போகலாம். நான் கேட்டன், பிள்ளை வரேல்ல. என்ர கடமை முடிஞ்சுது. அப்பிடி இருந்தது மனம்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது உண்மை. ஆனால் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"பிள்ளை வளத்துப் பழக்கமில்லை எனக்கு. அது ஒரு பயம்தான். ஆனா அதில்லை காரணம்," என்று தொடர்ந்தார். "அக்கா செத்திட்டா எண்டு எனக்கு லண்டனுக்குப் போன் வந்தது. அழுதனான். திவசம் செய்தனாங்கள், பூசை ஒப்புக்குடுத்தனாங்கள். எண்டாலும் நான் நம்பேல்ல. ஊருக்குப் போனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பா எண்டு ஒரு எண்ணம். அங்க வந்து சிஸ்டரின்ர அறையில இருந்து ஜன்னலாலை எட்டிப் பாக்கிறன், நீ கிணத்தடியில நிக்கிறாய். அக்கான்ர உயரம். அக்கா மாதிரியே ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில வைச்சுக்கொண்டு. அப்பதான் விளங்கிச்சு அக்கா இல்லை எண்டு. இனி ஒவ்வொரு நாளும் காலமை எழும்பி இந்தப் பிள்ளையைப் பாக்கவேணும், பாக்கிற நேரமெல்லாம் அக்கா இல்லை எண்டது தெரியும். எனக்கு ஏலாது எண்டு நினைச்சன்."

"பிறகு ஏன் அடுத்த நாளும் வந்தனீங்கள்?"

"வெக்கத்தில," என்றார் சின்னம்மா. "அந்த நிம்மதியை நினைச்சு இரவு முழுக்க வெக்கமாயிருந்தது."

அடுத்த நாள் மட்டுமல்ல, அந்தக் கிழமை முழுக்க அவர் வந்தார். என்னை வா என்று கேட்கவில்லை. இல்லத்துக் குசினியில் இருந்து மரக்கறி வெட்டிக் கொடுத்தார். ஒரு நாள் நான் தேங்காய் எடுக்கப் போனபோது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார், "ஏன் பிள்ளை வரமாட்டன் எண்டுறாய்? என்னைப் பிடிக்கேல்லையோ?" அதுவரை நான் யாருக்கும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்தால் என்னைத் தேடி இங்கேதான் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை இங்கே விட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். லண்டனில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அவர்கள் வரமாட்டார்கள் என்று சின்னம்மா சொல்லவில்லை. கத்தியை வைத்துவிட்டு எழும்பிப் போய், தன் வெம்பிளி முகவரியை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்தார். சிஸ்டர் அதை வாசல் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். பேப்பர் வேலைகள் ஒரு வருஷத்துக்கு மேல் இழுபட்டன. அந்தக் காலம் முழுக்க அது அங்கே தொங்கியது. போகிற வருகிற நேரமெல்லாம் நான் அதைப் பார்ப்பேன். பிறகு புறப்பட்டு வந்தேன்.

நாவலைப் பற்றிய இரண்டாவது கூட்டத்தில், குழுவில் பலருக்கு இந்தப் பகுதிதான் நம்பும்படியாக இல்லை. குளிரான விடுதி, மோசமான சாப்பாடு, அடிக்கும் மூத்த பிள்ளைகள். அப்படியிருக்க ஒரு வீடு தேடி வரும்போது எந்தப் பிள்ளையாவது வர மாட்டேன் என்னுமா? கூட்டிப்போக வந்த பெண்ணின் மேலும் எல்லோருக்கும் கோபம். மணிக்கூட்டைப் பார்த்தாளாம்.

நான் அவர்களுக்கு முகவரியைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சிறுமியின் தகப்பனும் காணாமல் போனவர். அவர் திரும்பி வந்து விசாரித்தால் கிடைக்கும் முகவரி அந்த விடுதிதான். வேறு விளக்கம் தேவையில்லை என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சுருக்கமாகச் சொன்னேன். அந்தக் குழுவில் பல மாதமாக ஒன்றாக இருந்த மனிதர்கள், அன்றைக்குத்தான் நான் யார் என்று அறிந்தார்கள். பிறகு குழுவை நடத்துபவர் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் சத்தமாக வாசித்தார். மணிக்கூட்டு வரி வந்தபோது இம்முறை யாரும் முகம் சுளிக்கவில்லை.

நாவல் ஒரு ரயில் மேடையில் நின்றுபோகிறது. சிறுமியும் அந்தப் பெண்ணும் பெட்டியோடு நிற்கிறார்கள், ரயில் இன்னும் வரவில்லை. இது முடிவே இல்லை என்று சிலர் குறைப்பட்டார்கள்.

"எங்கள் நாட்டிலும் வாசகர்கள் இதையே சொன்னார்கள்," என்றார் உக்ரேனியப் பெண். "ஆனால் எழுதியவர் என்ன செய்வார்? ரயில் எங்கே போகும் என்று எழுதுகிற நேரத்தில் அவருக்கே தெரியாது. போர் முடிந்தபின் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்."

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் போர் முடிந்து எத்தனையோ வருஷமாகியும், எங்கள் கதைகளில் பல இன்னும் அந்த மேடையில்தான் நிற்கின்றன. ஆனால் அதை அவரிடம் அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அவர்கள் இருவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொன்னது சின்னம்மாதான். உறைப்புக் குறைத்துக் கோழிக் கறி வைத்திருந்தார். பிள்ளை சோறும் பருப்பும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்ததும், நாங்கள் இன்னும் மேசையில் இருக்க, தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் கழுவத் தொடங்கியது. தன்னுடையதை மட்டுமல்ல, தொட்டிக்குள் கிடந்த சட்டிகளையும்.

சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை இவவோட சண்டை பிடிக்கிறதோ எண்டு கேள்," என்றார் என்னிடம்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். உக்ரேனியப் பெண் தலையை ஆட்டினார். "இல்லை. ஒருபோதும் இல்லை. மிகவும் நல்ல பிள்ளை. நான் வேலையால் வரும்போது வீடு துப்புரவாக இருக்கும். எதையும் கேட்க மாட்டாள். சப்பாத்து இறுகிக் காலில் புண் வந்திருந்தது, அதைக்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

தமிழில் சொன்னேன். "இவளும் அப்பிடித்தான்," என்று சின்னம்மா என்னைக் காட்டினார். "வந்து ரெண்டு மூண்டு வருஷம் நல்ல பிள்ளையா இருந்தவள். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. எனக்கு அது பெரிய கரைச்சல். ஒரு நாள் என்னைப் பாத்து, நீங்கள் என்ர அம்மா இல்லை எண்டு கத்திக் கதவை அடிச்சுச் சாத்தினவள். அண்டைக்குத்தான் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான்."

அந்தக் கதவடிப்பு எனக்கும் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போக விடாத கோபம். அதில் சின்னம்மா நிம்மதி அடைந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"மற்றதையும் சொல்லு," என்றார் சின்னம்மா.

"எதை?"

"நீ வரமாட்டன் எண்ட நேரம் எனக்கு வந்த நிம்மதியை."

"அது ஏன் சின்னம்மா?"

"சொல்லன். அவவுக்கும் இருந்திருக்கும்."

குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உக்ரேனியப் பெண் கேட்டு முடித்துவிட்டு மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தே பேசினார், நான் நடுவில் இல்லாதது போல. எல்லையைக் கடக்கும்போது பிள்ளையின் ஆவணங்கள் போதாது என்று ஒரு அதிகாரி இவர்களை மறித்தாராம். பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகலாம் என்றாராம். "ஒரு நிமிஷம்," என்றார். "ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தனியாகப் போய் எங்காவது படுத்துத் தூங்கலாம் என்று. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை."

நான் தமிழில் சொன்னேன்.

"ஒரு நிமிஷம்தானே," என்றார் சின்னம்மா. "எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க."

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் உக்ரேனியப் பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சத்தம் கேட்டுப் பிள்ளை ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, தங்கள் மொழியில் ஏதோ கேட்டது. பெரியம்மாவும் அதே மொழியில் பதில் சொன்னார். பிள்ளை சின்னம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைப் பூட்டியது.

அவர்கள் இப்போது லண்டனில் இல்லை. வடக்கே ஒரு ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. போய்ச் சில மாதங்களில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பிள்ளை யாரையும் கேட்காமல் தன் தலைமயிரைக் காது மட்டத்துக்கு வெட்டிக்கொண்டதாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குக் கத்தியதாம். எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால் யாரோ பரீட்சையில் சித்தியடைந்த சந்தோஷம் தெரிந்தது. தகப்பனைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை.

எனக்கும் சின்னம்மாவுக்கும் இடையில் மாறியது ஒன்றுதான். இருபது வருஷமாக நாங்கள் அம்மாவைப் பற்றிப் பேசியதில்லை. நினைவு நாளில் பூசைக்குக் கொடுப்போம், படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்துவோம், அத்தோடு சரி. நான் தாங்க மாட்டேன் என்று அவர் நினைத்தார். அவர் தாங்க மாட்டார் என்று நான் நினைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிறார். நான் அதுவரை படத்தில் பார்த்திருந்த அம்மாவுக்கும் சின்னம்மா சொல்லும் அக்காவுக்கும் அதிகம் பொருத்தம் இல்லை. அக்கா கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவள். பாடத் தெரியாது, ஆனால் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். வாய்க்காரி.

போன மாதம் அவர்களுடைய கடைசிச் சண்டையைப் பற்றிச் சொன்னார். சின்னம்மா லண்டனுக்குப் புறப்பட இருந்த கிழமை, அக்காவின் நீலச் சேலை ஒன்றைக் கேட்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அக்கா கண்டுபிடித்துப் பெரிய சத்தம். கடைசியில் சேலையைத் தூக்கி எறிந்து, கொண்டு போ என்று சொல்லிவிட்டு, வழியனுப்ப வாசலுக்குக்கூட வரவில்லை. பிறகு தபாலில் சுகம் விசாரித்துக்கொண்டார்கள். சேலையைப் பற்றி இருவரும் பேச்சே எடுக்கவில்லை.

"அது இப்ப எங்க, சின்னம்மா?"

"உள்ளுக்க அலுமாரியில. நான் உடுத்ததே இல்லை. எடுத்துத் தரட்டோ?"

அறைக்குள் போய் அவரே எடுத்துவந்து விரித்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடங்களில் நிறம் வெளுத்திருந்தது. நல்ல சேலை. நான் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப மடிக்க ஒரு பக்கத்தைப் பிடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அது அவர்கள் இரண்டு பேருடைய சண்டை.